இரண்டாயிரம் ரூபாய் மகிழுந்து

நுழையுமுன்

தாராவியின் சந்துகளில் தகடு தட்டும் ஓசையையும் தையல் இயந்திரங்களின் ஓசையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அங்குள்ள சிறு பட்டறைகளில் தோற்பையும் மட்கலமும் ஆடையும் உருவாகின்றன. அவற்றைச் செய்யும் கைகளுக்குள்ளும் அறிவு குடியிருக்கிறது. பள்ளிப் படிப்பைச் சிறிதே பெற்று, பட்டறையையே பள்ளியாகக் கொண்டு உயர்ந்தவர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. எளிய மக்களும் வாங்கத்தக்க சிறிய மகிழுந்து ஒன்றை அவர் உருவாக்கினார். அவ்வண்டிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் படித்து அறிவோம்.

1. கலங்கல் தந்த மைந்தர்

கோயம்புத்தூருக்கு அருகில் கலங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், கோபால்சாமி நாயுடு என்பவரின் மகனாகத் துரைசாமி பிறந்தார். இவரே பின்னாளில் ஜி.டி. நாயுடு என்று நாடறியப் பெயர் பெற்றார். அதிசய மனிதர் என்றும் இந்தியாவின் எடிசன் என்றும் மக்கள் இவரைப் போற்றினர்.

இளமையிலேயே தாயை இழந்த துரைசாமிக்கு வகுப்பறைக் கல்வியில் மனம் ஒன்றவில்லை. தொடக்கக் கல்வியோடு அவருடைய பள்ளி வாழ்வு முடிந்துவிட்டது. ஆயினும் கற்பதை அவர் நிறுத்தவில்லை. கண்ணிற்படும் பொருள் ஒவ்வொன்றும் எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்வது அவருடைய இயல்பாக இருந்தது.

2. வாழ்வை மாற்றிய வண்டி

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல், காலால் மிதிக்காமல், தானே விரைந்தோடும் வண்டியைத் துரைசாமி அப்போதுதான் கண்டார். வியப்பு அவரைப் பற்றிக்கொண்டது. அத்தகைய வண்டி ஒன்றைத் தாமும் பெறவேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

உறுதியைச் செயலாக்கப் பொருள் வேண்டும். எனவே கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் பணியில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். இறுதியில் தாம் விரும்பிய மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வேறொருவராக இருந்தால் அவ்வண்டியில் ஏறி ஊரை வலம் வந்திருப்பார். துரைசாமியோ அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். பின்னர் அப்பகுதிகளை எல்லாம் மீண்டும் பூட்டினார். கழற்றுவது எளிது, பூட்டுவது அரிது. எந்தத் திருகு எந்தத் துளைக்கு உரியது, எந்தப் பகுதி எதனைச் சுழற்றுகிறது, எதை முதலில் வைத்தால் எது இடம்பெறும் என்பன எல்லாம் தெரிந்தால்தான் வண்டி மறுபடி ஓடும். ஓடாவிட்டால் பிழை எங்கே என்று தேடவேண்டும். ஒரு வண்டியைக் கழற்றிப் பூட்டிய அப்பயிற்சியே துரைசாமியின் பொறியியல் கல்வியாயிற்று.

3. மும்பையில் பெற்ற பாடம்

அதன்பின் துரைசாமி பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலையை நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அத்தொழில் நல்ல ஊதியம் தந்தது. அந்த ஊக்கத்தால், அன்று பம்பாய் எனப்பட்ட நம் மும்பை மாநகருக்கு வந்து பருத்தி வாணிகத்தில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் இந்நகரம் பருத்தி வாணிகத்தின் பெருஞ்சந்தையாக விளங்கியது. செம்பூரிலிருந்து துறைமுக வழித்தடத் தொடர்வண்டியில் செல்வோர், சிவ்ரியை அடுத்து வரும் காட்டன் கிரீன் என்னும் நிலையத்தைக் கண்டிருப்பர். அந்நிலையத்தின் பெயரில் இன்றும் பருத்தி வாழ்கிறது. பெருவணிகர் நிறைந்த அச்சந்தையில் துரைசாமியால் நிலைபெற முடியவில்லை. கைப்பொருளை இழந்து ஊர் திரும்பினார்.

பொருள் போயிற்று, கைத்திறன் போகவில்லை. பொறிகளைப் பற்றித் தாம் அறிந்தவற்றையே முதலாகக் கொண்டு அவர் மீண்டும் எழுந்தார்.

4. ஒரு பேருந்து, ஒரு பட்டறை

கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் துரைசாமியின் திறமையை உணர்ந்து உதவினார். 1920ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்துடன் துரைசாமியின் போக்குவரத்துத் தொழில் தொடங்கியது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்பேருந்தை அவரே ஓட்டினார். அவர் நிறுவிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனம், 1933ஆம் ஆண்டளவில் 280 பேருந்துகளை இயக்கும் அளவிற்கு வளர்ந்தது.

இத்தனை பேருந்துகள் ஓடவேண்டுமானால் அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறை வேண்டும். தேய்ந்த பகுதிகளை மாற்றவும் உடைந்தவற்றைச் சீர்செய்யவும் பழகிய கைகள், காலப்போக்கில் புதிய பொருள்களையும் படைக்கத் தொடங்கின. 1937ஆம் ஆண்டு பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, பீளமேட்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார். இன்று கோயம்புத்தூர் மோட்டாருக்கும் நீரேற்றிக்கும் பெயர் பெற்ற நகரமாக விளங்குவதற்கு இத்தகைய முயற்சிகளே வித்திட்டன.

மின்கலத்தால் இயங்கும் ராசன்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் எனப் பல பொருள்களை அவர் உருவாக்கினார். ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941ஆம் ஆண்டு அறிவித்தார். பொருள் சிறிதாக இருக்கவேண்டும், உறுதியாக இருக்கவேண்டும், எளியவர் வாங்கும் விலையில் இருக்கவேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

5. எடை குறைந்தால் விலை குறையும்

அந்த நோக்கத்தின் முதிர்ந்த கனியாக 1952ஆம் ஆண்டு ஒரு சிறிய மகிழுந்து வெளிவந்தது. பெட்ரோலால் இயங்கிய அவ்வண்டியில் இருவர் அமரலாம். அதன் விலை 2,000 ரூபாய் மட்டுமே.

இவ்வளவு குறைந்த விலைக்கு ஒரு மகிழுந்தை எண்ணிப் பார்ப்பதற்கே துணிவு வேண்டும். அளவில் சிறிய வண்டி ஏன் விலையிலும் சிறியதாகிறது? தாராவியில் கைவண்டி இழுப்போரைக் கவனியுங்கள். வெற்று வண்டியை ஒருவர் எளிதாக இழுத்துச் செல்கிறார். மூட்டைகள் ஏறிய வண்டியை நகர்த்த இருவர் வேண்டும்; ஓடும் வண்டியை நிறுத்தவும் வளைவில் திருப்பவும் மேலும் வலிமை வேண்டும். மகிழுந்துக்கும் இதே விதிதான். எடை குறைந்த வண்டியை இழுக்கச் சிறிய எந்திரம் போதும். சிறிய எந்திரத்திற்கு எரிபொருளும் குறைவு. எனவே எரிபொருள் கலமும் சிறியதாகலாம். இவற்றைத் தாங்கும் அடிச்சட்டம், சக்கரம், பிரேக் ஆகியனவும் இலேசாகலாம். இவ்வாறு ஓரிடத்தில் செய்யும் எடைக்குறைப்பு மற்றோரிடத்திலும் எடையைக் குறைக்கிறது. உலோகம் குறையும்போது விலையும் இறங்குகிறது.

ஆனால் எடையைக் கண்மூடித்தனமாகக் குறைக்க இயலாது. தகட்டை அளவுக்கு மீறி மெலிதாக்கினால் வண்டி அதிரும். சட்டத்தை மெலிதாக்கினால் மேடுபள்ளத்தில் முறியும். எங்கே வலிமை தேவை, எங்கே தேவையில்லை என்று அறிவதே வண்டி செய்பவரின் திறன். அதனை அறிய, செய்த வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும். குறையைக் கண்டு திருத்தவேண்டும். மீண்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

உலகின் பல நாடுகளிலும் இம்முயற்சி நடந்தது. இங்கிலாந்தில் 1922ஆம் ஆண்டு ஆஸ்டின் செவன் என்னும் சிறு மகிழுந்து வந்தது. 1948ஆம் ஆண்டு, லண்டனில் பொறியியல் பயின்ற கோலின் சாப்மன் என்னும் இளைஞர், பழைய ஆஸ்டின் செவன் ஒன்றை ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் பிரித்தார். அதன் கனமான உடலை நீக்கிவிட்டு, ஒட்டுப்பலகையாலும் அலுமினியத் தகட்டாலும் இலேசான உடலை அமைத்தார். அவ்வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருத்தியே அடுத்தடுத்த வண்டிகளைச் செய்தார். 1952ஆம் ஆண்டு, அதாவது நாயுடுவின் மகிழுந்து வெளிவந்த அதே ஆண்டில், சாப்மன் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957ஆம் ஆண்டு வந்த லோட்டஸ் செவன் என்னும் வண்டியைப் பகுதிகளாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ள முடிந்தது. அவருடைய இலேசான வண்டிகள் பின்னர் உலகப் பந்தயங்களில் வெற்றி பெற்றன.

6. கிடைக்காத உரிமம்

லண்டன் கொட்டகையில் பிறந்த வண்டி உலகை வலம் வந்தது. கோயம்புத்தூரில் பிறந்த வண்டி ஊர்ச் சாலைகளில்கூடப் பெருகவில்லை. அம்மகிழுந்தைத் தொடர்ந்து உற்பத்தி செய்வதற்குரிய உரிமத்தை அரசு வழங்க மறுத்தது. அதனால் உற்பத்தி நின்றது. இரண்டாயிரம் ரூபாயில் ஒரு மகிழுந்து என்னும் கனவு அத்துடன் முடிந்தது.

அன்றைய நாட்டு நிலையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எஃகும் அயல்நாட்டுச் செலாவணியும் தட்டுப்பாடாக இருந்தன. இருக்கும் வளத்தை எந்தத் தொழிலுக்குப் பகிர்வது என்பதை அரசே முடிவு செய்ய விரும்பியது. அதற்காகத் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1951ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. மோட்டார் தொழிலில் சில நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. மும்பையின் குர்லாவில் ஆலை அமைத்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அவற்றுள் ஒன்று. நம் தெருக்களில் 2023ஆம் ஆண்டுவரை ஓடிய பழைய கறுப்பு மஞ்சள் வாடகை மகிழுந்துகளான பிரீமியர் பத்மினி வண்டிகள் அவ்வாலையில் பிறந்தவை. சிவ்ரியில் 1928 முதல் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1950களில் இங்கிருந்து வெளியேறியது.

வளத்தைக் காக்க எழுப்பிய வேலி, சிலவேளை புதிய பயிரையும் உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. பெரிய ஆலைகள் ஆண்டுதோறும் ஒரே வகை வண்டியைச் செய்தன. வாங்க விரும்பியோர் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். மகிழுந்துத் தொழிலுக்கு உரிமம் பெறும் முறை 1993ஆம் ஆண்டுதான் நீக்கப்பட்டது. அதற்குள் நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நாயுடுவின் சிறு வண்டி அன்றே சாலைக்கு வந்திருந்தால் எத்தனை எளிய குடும்பங்களுக்குப் பயன்பட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

7. வண்டி நின்றது, கல்வி நிற்கவில்லை

தாம் பெற்ற அறிவைப் பிறருக்கு வழங்குவதிலும் நாயுடு முனைந்து நின்றார். கோயம்புத்தூரில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்ற நிலமும் பொருளும் கருவிகளும் அளித்தார். 1945ஆம் ஆண்டு தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரிக்கு அவரே முதல்வராகவும் பணியாற்றினார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

பொறியியல் பட்டத்திற்கு நான்கு ஆண்டுகள் செலவிடத் தேவையில்லை, பட்டறைப் பயிற்சியோடு கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை. தம் கருத்தை மாற்றிக்கொள்ள விரும்பாத நாயுடு முதல்வர் பதவியிலிருந்து விலகினார். அவர் கூறிய கால அளவைப் பற்றி அறிஞரிடையே வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். கருவியைத் தொடாமல் பொறியியலைக் கற்க முடியாது என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. மும்பை மாதுங்காவில் உள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற கல்லூரிகளில் மாணவர் பட்டறைப் பயிற்சி பெறுகின்றனர். பவாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள், தாமே இலேசான பந்தய வண்டிகளைச் செய்து அயல்நாட்டுப் போட்டிகளுக்கும் கொண்டு செல்கின்றனர்.

வேளாண்மையிலும் நாயுடு ஆராய்ச்சிகள் செய்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் புதிய வகைகளை வளர்த்துக் காட்டினார். ஓயாது உழைத்த அவர் 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

அவர் வாழ்ந்த கோயம்புத்தூரிலிருந்து வண்டி செய்யும் ஆர்வம் மறையவில்லை. அந்நகரைச் சேர்ந்த கரிவர்தன் என்னும் பந்தய வீரர், 1980களின் இறுதியில் மாருதி 800 வண்டியின் சிறு எந்திரத்தைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் இலேசான பந்தய வண்டிகளை உருவாக்கினார். அவர் 1995ஆம் ஆண்டு வானூர்தி விபத்தில் மறைந்தார். அவர் பெயரால் கோயம்புத்தூருக்கு அருகில் ஒரு பந்தயத் தடம் அமைந்துள்ளது. ஃபார்முலா மாருதி வண்டிகளை ஓட்டிப் பழகிய நாராயண் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார்.

ஓர் உரிமம் மறுக்கப்பட்டால் ஒரு வண்டி நின்றுபோகலாம். ஆயினும் கழற்றவும் பூட்டவும் திருத்தவும் அறிந்த கைகள் தம் அறிவை அடுத்த கைகளிடம் சேர்த்துவிடுகின்றன. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழுதுபார்க்கும் தொழில் செய்வோர் இருந்தால், அவர்களிடம் சென்று ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று கேட்டறியுங்கள். துரைசாமி கற்கத் தொடங்கிய இடமும் அதுவே.

சொற்பொருள்

மட்கலம் – மண்ணாற் செய்த பாத்திரம்
மைந்தர் – மகன்
ஊதியம் – இலாபம்
வாணிகம் – வணிகம், வியாபாரம்
நீரேற்றி – நீரை மேலே ஏற்றும் பொறி, பம்பு
அலகு – பிளேடு
அடிச்சட்டம் – வண்டியின் பாரத்தைத் தாங்கும் கீழ்ச்சட்டம்
உரிமம் – அரசு வழங்கும் அனுமதி, லைசென்ஸ்
செலாவணி – நாணயம், பணம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. துரைசாமி எந்த ஊரில், எப்போது பிறந்தார்?
2. மோட்டார் சைக்கிள் வாங்குவதற்குரிய பணத்தை அவர் எவ்வாறு சேர்த்தார்?
3. மும்பையில் அவருக்கு நேர்ந்தது என்ன?
4. 1952ஆம் ஆண்டு வெளிவந்த மகிழுந்தின் சிறப்புகள் யாவை?

ஆ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.
1. வண்டியின் எடை குறைந்தால் விலை எவ்வாறு குறைகிறது?
2. கோலின் சாப்மன், ஜி.டி. நாயுடு ஆகியோரின் முயற்சிகளை ஒப்பிட்டு எழுதுக.
3. வேலியும் பயிரும் என்னும் உவமை பாடத்தில் எதனை விளக்குகிறது?

இ. பிரித்து எழுதுக.
சிற்றூர், பேருந்து, தொழிற்கல்வி, மகிழுந்து

ஈ. பொருத்துக.
1. பொள்ளாச்சி, பழனி – பிரீமியர் ஆலை
2. பீளமேடு – முதல் பேருந்து
3. குர்லா – மின்மோட்டார்

உ. செய்து பார்க்க.
சக்கரம் உள்ள பொம்மை வண்டி ஒன்றை எடுத்துக்கொள்க. சாய்வான பலகையின் மேலிருந்து அதனை உருளவிட்டு, கீழே வைத்த தாள்பெட்டியில் மோதச் செய்க. பெட்டி எவ்வளவு தொலைவு நகர்ந்தது என அளந்து எழுதுக. பின்னர் வண்டியில் சிறு கற்களை ஏற்றி மீண்டும் உருளவிடுக. பெட்டி நகர்ந்த தொலைவில் என்ன மாற்றம் காண்கிறீர்கள்? எடை மிகுந்த வண்டியை நிறுத்துவது ஏன் கடினம் என்பதைச் சொந்த நடையில் எழுதுக.

ஊ. கலந்துரையாடுக.
உரிமம் வழங்கும் பொறுப்பு உங்களிடம் இருந்திருந்தால், நாயுடுவின் மகிழுந்துக்கு உரிமம் வழங்கியிருப்பீர்களா? வண்டியின் பாதுகாப்பு, விலை, நாட்டின் வளம் ஆகிய மூன்றையும் கருத்திற்கொண்டு வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து பேசுக.